அப்பாவின் சாட்சி

மார்ச் 6, 2018. செவ்வாய்

நூலகத்துக்கு இன்று பதினோரு பேர் வந்தார்கள். அதில் நால்வர் மழைக்கு ஒதுங்கியவர்கள். திரும்பி வந்த ஒரு சமையல் புத்தகத்துக்குள் வறுத்த பன்றி இறைச்சித் துண்டு ஒன்று பக்க அடையாளமாக இருந்தது. எறிந்துவிட்டு, பக்கத்தைத் துடைத்து, அடுக்கில் வைத்தேன். இருபத்தேழு வயது, முதுகலையைப் பாதியில் விட்டவள். இந்த மாதிரி வேலையில் ஒரு நிம்மதி இருக்கிறது என்பதை யாரிடமும் சொல்வதில்லை.

வீடு திரும்பியபோது அப்பா பிடரியை அழுத்திக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். "பிரஷர் ஏறியிருக்கு" என்றார். இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கினார். நேற்றும் அதற்கு முந்தின நாளும் போடவில்லை. பிடரி ஒன்றும் சொல்லவில்லையாம்.

"டாக்டர் தினமும் ஒண்ணுன்னுதானேப்பா சொன்னாரு?"

"முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் எஞ்சின் பாத்தவன் நான், கண்ணு. சத்தம் வந்தாத்தான் மூடியைத் திறக்கணும்."

அம்மா போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. மாத்திரைப் பேச்சு எடுத்தால் மட்டும் அம்மா வந்து மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்துவிடுகிறாள்.

அல்வெர்டா அத்தையிடமிருந்து போன். அப்பாவின் தங்கை. சபையின் தாதியர் குழுவுக்குத் தலைவி. அதாவது ஞாயிறுதோறும் வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை, பரிசுத்த ஆவி இறங்கி மயங்கி விழுகிறவர்களுக்கு விசிறி. தாதிப் படிப்பு படித்தவர் அந்தக் குழுவில் ஒருவரும் இல்லை.

"சனிக்கிழமை சபையில ஹெல்த் கேம்ப். நீதான் பிரஷர் பாக்கற."

"எனக்குத் தெரியாதே அத்தை."

"அப்ப யூனிவர்சிட்டில ஆறு வருஷம் என்னதான்டீ சொல்லிக் குடுத்தாங்க?"

மார்ச் 8, வியாழன்

பிரஷர் பார்க்க இரண்டு மணி நேரப் பயிற்சி. கை மேசை மேல், பாதம் தரையில், பேசக் கூடாது. புஜத்தில் சுற்றும் பட்டை சாதாரணக் கைக்கு ஒன்று, பருத்த கைக்குப் பெரியது ஒன்று. ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும், இல்லையென்றால் எண் தப்பாக வரும். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். குறிப்பெடுப்பது எனக்கு எப்போதும் நன்றாக வரும்.

மார்ச் 10, சனி

ஒரு மேசையில் உப்பைக் குறைப்பது பற்றிய துண்டுப் பிரசுரங்கள். ஐந்தடி தள்ளி சமையலறையில் பெண்கள் குழு மீன் பொரித்துக்கொண்டிருந்தது. பிரசுரங்களை யாரும் தொடவில்லை, எண்ணெய்க் கைகளைத் துடைத்தவர்களைத் தவிர.

முப்பத்தொரு பேருக்கு அளந்தேன். நூற்று நாற்பதுக்குக் கீழே வந்தவர்கள் ஆறு பேர். ஒவ்வொருவரும் எண்ணைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள், முகத்தில் வேறு ஏதாவது நல்ல எண் இருக்கும் என்பது போல.

பாடகர் குழுவில் அடிக்குரல் பாடும் ஹோசியா வந்தார். அவர் புஜம் என் தொடை அளவு. பெரிய பட்டையை எடுத்து மாட்டினேன். "பாத்துக் கட்டு பொண்ணே. இது கை இல்ல, சபையோட தூணு." 158, 96. சிரித்துக்கொண்டே மீன் பக்கம் போனார்.

அடுத்து அப்பா. அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. அத்தை அவர் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். "டீக்கன் க்ளெவன் டான்ஸி அவர்களே, உங்க மகதான் பாக்கறா, கடிக்க மாட்டா." சட்டைக் கையை மடித்தார். மெல்லிய கைகள் அவருக்கு. பக்கத்தில் யாரோ ஜோக் சொல்ல எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும்.

124, 76.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன்.

"எழுதிக் குடு."

எழுதினேன். அதை நான்காக மடித்து வைத்துக்கொண்டார். அத்தை கையுறையோடு கை தட்டினாள், சத்தம் வராமல். அப்பாவின் கண் ஈரமாக இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது — அதை எழுதிவைக்க வேண்டும். சந்தோஷமாக இருந்தது.

பிறகு மீன் சாப்பிட்டோம். அதன் பின் யாருக்கும் அளக்கவில்லை.

சாயங்காலம் பையைக் கட்டும்போது பார்த்தேன். சாதாரணப் பட்டை பிரசுரங்களுக்கு அடியில் கிடந்தது, ஹோசியா வந்தபோது கழற்றி வைத்த இடத்திலேயே. மெஷினில் பெரிய பட்டை.

மெல்லிய கையில் பெரிய பட்டை சுற்றினால் எண் குறைத்துக் காட்டும். வியாழக்கிழமைக் குறிப்பில், என் கையெழுத்தில், அடிக்கோடிட்டு இருக்கிறது.

அப்பா சபைப் பொறுப்பாளர்களான டீக்கன்மார் கூட்டத்துக்குப் போய்விட்டார். காலையில் சொல்லிவிடலாம். ஒரு எண்தானே.

மார்ச் 11, ஞாயிறு

கோடைக்கால நேரம் தொடங்கும் நாள் இது, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும் என்பது இருவருக்கும் மறந்துவிட்டது. எழுந்தபோது ஆராதனைக்கு இருபது நிமிடம். காரில் சொல்ல ஆரம்பித்தேன். "அப்பா, நேத்து அந்த மெஷின்ல—" "டை கோணலா இருக்கா பாரு" என்றார். இருந்தது. சரி செய்தேன்.

கர்த்தர் தனக்குச் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் முதலில் எழுந்தது அவர்தான். மூன்று வருடமாக அந்த நேரத்தில் எழாதவர்.

"என் வீட்டுல ஒரு நாற்காலி காலியானது உங்க எல்லாருக்கும் தெரியும். அன்னைலேர்ந்து நான் கர்த்தர்கிட்ட ஒண்ணுதான் கேட்டேன். என்னையும் அதே மாதிரி கொண்டுபோயிடாதேன்னு. என் பொண்ணு தனியாயிடுவான்னு." கோட்டுப் பையைத் தடவினார். "பதினேழு வருஷமா எனக்குப் பிரஷர். நேத்து, இந்தக் கட்டடத்துக்குள்ளேயே, என் மக — யாரோ டாக்டர் இல்ல, என் சொந்த மக — அவ கையால அளந்தா."

காகிதத்தை விரித்தார். படித்தார்.

சபை எழுந்து நின்றது. ஆர்கன் இசை சேர்ந்துகொண்டது. அத்தை கையுறைக் கைகளை உயர்த்தி அழுதாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். எனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று தூக்கினேன், சத்தியமாக அதற்குத்தான் — அங்கே தூக்கிய கை எல்லாம் ஸ்தோத்திரக் கை. என் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் "ஆமென், பொண்ணே, ஆமென்" என்றார்கள்.

கை வலிக்கும் வரை வைத்திருந்துவிட்டு இறக்கினேன்.

மார்ச் 12, திங்கள்

சொல்லிவிட்டேன். பட்டை, ஹோசியா, அளவு, எல்லாம்.

முழுக்கக் கேட்டார். "அப்ப நீ சொன்னது பொய்யா?"

"பொய் இல்லப்பா. தப்பு."

"நேத்து எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாமே."

"இப்ப இன்னொரு தடவை பாத்துடலாம்ப்பா. ரெண்டே நிமிஷம்."

"சாட்சி சொன்ன மறுநாளே, நிசந்தானான்னு நான் போய்ப் பாக்கறதா? கர்த்தர்கிட்ட ரசீது கேக்கறதா?"

"மாத்திரையாவது—"

"உங்கம்மா ஒரு நாள் விடாம சாப்பிட்டா." குரல் உயரவில்லை. உயர்ந்திருக்கலாம். "தலை வெடிக்குதுன்னு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனா. நாலு மணி நேரம் பெஞ்சுல. அப்புறம் ஒருத்தன் வந்தான். டென்ஷன், வீட்டுக்குப் போய்த் தூங்குன்னான். அவ முகத்தை நிமிர்ந்துகூடப் பாக்கல, ரெனி. காகிதத்தைப் பாத்துப் பேசினான். நான் பக்கத்துல நின்னேன். சரிங்க சார்னேன். சரிங்க சார்னேன் நான்."

எழுந்து வெளியே போய் காரின் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். காரில் ஒரு கோளாறும் இல்லை.

மார்ச் 14, புதன்

மாத்திரைக் குப்பி குப்பைத் தொட்டியில். மேலே வாழைப்பழத் தோல்.

மார்ச் 18, ஞாயிறு

ஆராதனை முடிந்து பாஸ்டர் விட்டேகரிடம் போனேன். கேம்ப் நடத்தியதே அவர்தான். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். முகம் சுருங்கியது.

"நானே தினம் ரெண்டு மாத்திரை போடறவன், சிஸ்டர் ரெனீட்டா. ஜெபம் பண்ணு, மாத்திரையும் போடுன்னு பிரசங்கத்துல சொல்றவன். ஆனா ஒருத்தர் எந்திரிச்சு சாட்சி சொன்னப்புறம் அது பொய்யின்னு நான் மேடையிலேர்ந்து சொல்ல முடியுமா? அப்புறம் இந்தச் சபையில யாரு வாயத் திறப்பா?"

"அப்ப அவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"சொல்லக்கூடியவங்க ரெண்டே பேரு. ஒண்ணு டீக்கன்."

காத்திருந்தார். நான் இன்னொரு பெயரைக் கேட்கவில்லை.

மார்ச் 21, புதன்

காரில் இருந்தபடியே மருந்து வாங்கும் ஜன்னல். "பிறந்த தேதி?" அப்பாவின் பிறந்த தேதியைச் சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை. முப்பது மாத்திரைகள்.

பொடித்துக் கொடுக்கலாமா என்று நூலகத்தின் மருந்துக் கையேட்டில் பார்த்தேன். கொடுக்கலாம்.

மார்ச் 22, வியாழன்

ஆறு மணிக்கு எழுந்து சோளக்குறுணைக் கஞ்சி வைத்தேன், அவருக்குப் பிடித்த மாதிரி வெண்ணெயும் மிளகும் போட்டு. இரண்டு கரண்டிகளுக்கு நடுவே மாத்திரையை நசுக்கினேன். ஒரு சின்னச் சத்தம். கதவைப் பார்த்தேன்.

"என்ன இது, ஆறு மணிக்கெல்லாம் அடுப்படியில? எவனாவது கண்ணுல பட்டிருக்கானா?"

"சும்மாதான்ப்பா."

சாப்பிட்டார். நான் எதிரே நின்று ஒவ்வொரு கரண்டியையும் எண்ணினேன்.

மூன்றாம் வருடத்தில் தனிமனித ஒப்புதல் பற்றி இருபத்திரண்டு பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறேன். ஒருவனின் உடல் அவனுடையது, நல்லதற்காகக்கூட அவனை ஏமாற்றக் கூடாது என்று. நல்ல மதிப்பெண். பேராசிரியர் ஓரத்தில் "தெளிவு" என்று எழுதியிருந்தார்.

மார்ச் 23, வெள்ளி

சாப்பிட்டார்.

மார்ச் 24, சனி

சாப்பிட்டார். "லேசா கசக்குது" என்றார். நாளை வெண்ணெயைக் கூட்ட வேண்டும்.

மார்ச் 25, ஞாயிறு

சாப்பிட்டார். கசப்பு பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 1, ஞாயிறு. உயிர்த்தெழுந்த திருநாள்

அப்பா புது பழுப்புக் கோட்டில். படிகளை நிற்காமல் ஏறினார். "டீக்கனப் பாருய்யா, பத்து வயசு குறைஞ்சிடுச்சு!" "கர்த்தர் செஞ்சதுன்னா இப்படித்தான் இருக்கும்!" பாராட்டுகிறவர்களின் தோளைத் தட்டினார். ஆனால் முன்போல் பேச்சை வளர்க்கவில்லை. சீக்கிரம் கிளம்பலாம் என்றார்.

அவர் எவ்வளவு நன்றாக இருக்கிறாரோ அவ்வளவுக்கு அந்தச் சாட்சி உண்மையாகிறது. ஒவ்வொரு காலையும் ஒரு கரண்டி உண்மை நான்தான் சேர்க்கிறேன். நிறுத்தினால் அவர் சாவார். நிறுத்தாவிட்டால்—

அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசிக்க முடிந்தவள்தான், ஆனாலும் யோசிக்கவில்லை.

ஏப்ரல் 9, திங்கள்

மத்தியானம் அத்தை நூலகத்துக்கு வந்தாள். புத்தகம் எடுக்க அல்ல. சபைப் பெண்கள் நடத்தும் பெண்கள் ஞாயிறு ஆராதனைக்கு அழைப்பிதழ் அச்சடிக்க எங்கள் பிரதி இயந்திரம். வேலை முடியும்வரை என் மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றாள்.

"நானும் நிறுத்திட்டேன்டீ."

"எத?"

"எத-வா? மாத்திரையத்தான். மூணு வாரமாச்சு. உங்கப்பன் எந்திரிச்சு நின்னதப் பாத்தப்புறமும் நான் அந்தக் குப்பியத் திறந்தா, எனக்கு என்ன விசுவாசம்?"

அத்தைக்கு அப்பாவை விட அதிகம். கேம்பில் அவளுக்கும் நான்தான் அளந்தேன், காலையில், சரியான பட்டையில். 182. "சமையலறைச் சூடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"அத்தை, நிறுத்தாதீங்க. ப்ளீஸ். அன்னைக்கி அப்பாவோட எண்ணு தப்பா இருக்கலாம். மெஷின் எல்லாம் சில நேரம்—"

"அன்னைக்கித் தப்பு, சரி. அதுக்கப்புறம்? ஒரு மாசமா ஆளப் பாக்கறோம்ல? ஈஸ்டர் அன்னிக்கிப் படியேறினதப் பாத்தேல்ல?" கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ அந்த வீட்டுல இருக்கறவ. நேரா சொல்லு. அண்ணன் மாத்திரை எதாவது சாப்பிடறானா?"

பிரதி இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அவரா எதுவும் எடுத்துக்கறதில்ல" என்றேன்.

"அதான் பாத்தியா!" கன்னத்தைத் தட்டினாள். அவள் கையில் எலுமிச்சை சோப்பு வாசனை. நூற்று ஐம்பது அழைப்பிதழ்களை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

நான் சொன்னது பொய் இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. எப்படி இவ்வளவு வேகமாக அப்படி ஒரு வாக்கியம் எனக்கு வந்தது?

ஏப்ரல் 10, செவ்வாய்

அத்தையிடம் சொன்னால் அவள் அப்பாவிடம் கேட்பாள். அன்றே, சத்தமாக. அப்பா கஞ்சியைத் தொட மாட்டார். நாளையிலிருந்து ஒன்றும் இல்லாமல்.

சொல்லாவிட்டால் அத்தை.

யாரை வைத்து யாரை— சீ. இப்படி எழுதுகிறவள் யார்?

ஏப்ரல் 14, சனி

அத்தைக்குப் போன் செய்தேன். மணி மூன்று தடவை அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் தையல் மெஷின் சத்தம். "சொல்லுடீ, கையில வேலை." உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சாத்தான் தலையில உக்காந்து மத்தளம் வாசிக்கறான். பெண்கள் ஞாயிறு வருதுல்ல, அவனுக்குப் பொறுக்காது." டாக்டரிடம் போகலாம், நான் கூட்டிப் போகிறேன் என்றேன். "பெண்கள் ஞாயிறு முடியட்டும்" என்றாள். சரி என்றேன்.

சரிங்க சார். அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது.

ஏப்ரல் 22, ஞாயிறு

பெண்கள் ஞாயிறு. நூற்றுக்கணக்கில் வெள்ளை உடை. அத்தை மூன்று பேருக்கு விசிறினாள், விழுந்த ஒரு பாட்டுக்காரியைத் தாங்கிப் பிடித்தாள், எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். இடையில் ஒரு முறை சுவரில் கை ஊன்றி நின்றதைப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தோம்.

ஏப்ரல் 26, வியாழன்

பதினொன்றரைக்கு நூலகத்துக்குப் போன் வந்தது. அத்தை அவள் வீட்டுக் குளியலறையில் விழுந்து கிடந்தாளாம். கையுறைகளைத் துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவில்லையே என்று போய்ப் பார்த்திருக்கிறாள்.

அதே ஆஸ்பத்திரி. அதே பெஞ்ச். அப்பா உட்காரவில்லை. நர்ஸ் வந்ததும் முதல் கேள்வியாக, "எண்ணு எவ்வளவு?" என்றார்.

"வந்தப்ப 224க்கு 126."

அப்பா தலையை ஆட்டினார், யாரோ வழி சொன்னதைக் கேட்டுக்கொள்பவர் மாதிரி.

ஏப்ரல் 27, வெள்ளி

உயிர் இருக்கும் என்கிறார்கள். வலது பக்கம் அசைவு இல்லை. பேச்சு திரும்புமா தெரியவில்லை.

காலையில் கஞ்சி வைத்தேன். நசுக்கினேன். பாதி சிந்தியது. இன்னொன்று நசுக்கினேன். சாப்பிட்டார். இந்த வீட்டில் இன்னும் காலை நடக்கிறது.

ஏப்ரல் 29, ஞாயிறு

பாஸ்டர் அத்தைக்காக ஜெபித்தார். யாரும் எதையும் எதோடும் சேர்த்துப் பேசவில்லை. வாசலில் ஹோசியா, எப்போதும் சிரிப்பவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் நிறுத்தியிருந்தேன்மா. வெள்ளிக்கிழமை மறுபடி ஆரம்பிச்சுட்டேன். உங்கப்பாகிட்ட சொல்லிடாத, வருத்தப்படுவாரு."

இன்னும் எத்தனை பேர்? நிறுத்தும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நிறுத்தியிருக்கிறார்கள். ஆரம்பிக்கும்போது யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

மே 2, புதன்

இன்று அப்பாவை கிளினிக்குக்கு வரச் சொன்னேன். மறுப்பார் என்று பத்து வாக்கியம் தயார் செய்திருந்தேன். தொப்பியை எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தார்.

நர்ஸ் ஓர் இளம்பெண், எங்கள் பக்கத்துப் பிள்ளைதான். சரியான பட்டை. நான் பார்த்தேன். 132, 82.

"பரவாயில்லையே டீக்கன். மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தினமும்" என்றார் அப்பா. "கஞ்சியில."

"கஞ்சியிலயா?" அந்தப் பெண் சிரித்தாள்.

"என் மக போடுவா. வேணும்னா அவளக் கேளு."

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தோம். கதவைத் திறக்காமல் நின்றேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மருந்துக் கடை மெஷின் எனக்குத்தானே போன் பண்ணும். 'திரு. டான்ஸி, மருந்து வாங்கியதற்கு நன்றி'ன்னு." தொப்பியைக் கையில் சுற்றினார். "அதுக்கு மறுநாள் நீ ஆறு மணிக்கு எந்திரிச்ச."

"அப்ப ஏன்ப்பா—"

"நானா எடுக்கல. எனக்குத் தெரியும்னு நீ நினைக்கல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருந்துச்சு, ரெனி. அங்க போய் உக்காந்துக்கிட்டேன். அங்கேர்ந்து பாத்தா சாட்சியும் பொய்யில்ல, நானும் சாகல."

"அத்தை?"

தொப்பியைத் தலையில் வைத்தார். மறுபடி எடுத்தார்.

"அத்தை நிறுத்தினது தெரியுமா உங்களுக்கு?"

"எங்கிட்டதான் முதல்ல சொன்னா" என்றார். "உன்னாலதான் அண்ணான்னா."

மே 3, வியாழன்

அவரிடம் கோபப்பட வேண்டும். முயன்றேன். அவர் சொன்ன அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடமாக இருக்கிறது.

மே 6, ஞாயிறு

சாட்சி நேரம். பாஸ்டர் டீக்கன்மார் பெஞ்சைப் பார்த்தார், பிறகு என்னை. அப்பா எழவில்லை. நான் எழவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் தன் மகனுக்கு வேலை கிடைத்ததற்கு நன்றி சொன்னாள். எல்லோரும் கை தட்டினோம்.

வீட்டில் கஞ்சி இல்லை. அப்பா என் முன்னால் குப்பியைத் திறந்து, ஒன்றை எடுத்து, தண்ணீரோடு விழுங்கினார். இனி காலையில் நான் சீக்கிரம் எழ வேண்டியதில்லை என்றார். பார்ப்பதற்கு நான் மட்டும்தான் இருந்தேன்.

மே 12, சனி

மறுவாழ்வு மையம். அத்தையை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் எங்களைக் கண்டு மலர்ந்தது. கையுறை இல்லாத அவள் கைகளை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. வலது கை மடியில், யாரோ வைத்துவிட்டுப் போனது போல.

உள்ளே வருமுன் வாசலில் நர்ஸ் நிறுத்தினாள். "நீங்களாவது சொல்லுங்க. மாத்திரை குடுத்தா துப்பறாங்க. வாயைத் திறக்கறதே இல்ல." காகிதக் கோப்பையில் காலை மாத்திரை, தட்டில், அப்படியே இருந்தது.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். "வெர்டி."

அத்தைக்குப் பேச்சு திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு சொல்லாக, கிணற்றிலிருந்து இழுப்பது மாதிரி.

"அண்ணா. எனக்கு... உன் அளவுக்கு..." நின்றது. அப்பா காத்திருந்தார். நானும். "விசுவாசம்... பத்தல."

அப்பா ஏதாவது சொல்வார் என்று இருந்தேன். எதுவும் சொல்ல மாட்டார் என்று தெரிந்தபோது நானாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். வரவில்லை.

அவர் கால்சட்டைப் பையில் கை விட்டுக் குப்பியை எடுத்தார். பெயர்ச் சீட்டு அவள் பக்கம் தெரியும்படி மேசையில் வைத்தார். மூடியைத் திறந்தார். ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து அவள் கண்ணுக்கு நேரே நீட்டினார். காலையிலேயே போட்டுவிட்டார், எனக்குத் தெரியும். இருந்தும் வாயில் போட்டு, தண்ணீர் இல்லாமல் விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியது.

அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப... லேர்ந்து?"

"எப்பவுமே. நடுவுல பத்து நாளு தவிர."

அவள் என்னைப் பார்த்தாள். நூலகத்தில் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன், எல்லாம் அந்தப் பார்வையில் ஒழுங்காக அடுக்கி இருந்தது. தலையைக் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது அவள் இடது கை தட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. காகிதக் கோப்பை கவிழ்ந்தது. மாத்திரை உருண்டு ஓரத்தில் நின்றது. அப்பா எடுத்துக் கொடுக்கக் கையை நீட்டினார். "நீ... வேணாம்" என்றாள். நான் நகர்ந்தேன். "நீயும்."

விரல்கள் இரண்டு முறை தவறின. மூன்றாவது முறை பிடித்தன. வாயில் வைத்து, உறிஞ்சுகுழலைத் தேடிப் பிடித்து, விழுங்கினாள். தாடையில் தண்ணீர் வழிந்தது. துடைக்க விடவில்லை.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இப்ப... போங்க" என்றாள்.

போனோம்.